எடுத்த படத்தில் எழுதாத வரி

(காரைக்கால் தலத்தெருவில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எலும்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குறிப்பாக, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களின் எலும்பைப் பற்றி. எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். இருட்டறையில் பிலிம் கழுவிக் கிளிப்பில் மாட்டிக் காயவைத்த காலமும் பார்த்தாயிற்று. எடுத்த மறுகணமே திரையில் படம் வந்து நிற்கிற காலமும் பார்த்தாயிற்று. இரண்டு காலத்திலும் ஒரு காட்சி மட்டும் மாறவே இல்லை. ஒரு அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருப்பார். மணிக்கட்டு வீங்கியிருக்கும். வளையலைக் கழற்றிவிட்டுப் படம் எடுப்போம். முறிவு தெரியும். மாவுக்கட்டு போடுவார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, எலும்பு கூடிவிட்டது, போய் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். மரத்திலிருந்தும் விழவில்லை, வண்டியிலிருந்தும் விழவில்லை, நின்ற இடத்தில் சரிந்ததற்கே எலும்பு ஏன் முறிந்தது? இந்தக் கேள்வியை வீட்டிலும் கேட்பதில்லை, பல நேரம் மருத்துவமனையிலும் கேட்பதில்லை. சில வருடம் போகும். அதே அம்மாவை, இடுப்பு முறிந்த நிலையில், நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அந்த முதல் படத்திலேயே சேதி இருந்தது. நாம் முறிவை மட்டும் பார்த்தோம், முறிந்த எலும்பு எப்படிப்பட்டது என்று பார்க்கவில்லை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

இடுப்பு முறிவு என்றால் என்ன என்பது இங்கே பல குடும்பங்களுக்குத் தெரியும். தொடை எலும்பின் மேல்முனையில் பந்து போன்ற தலைக்குக் கீழே ஒரு கழுத்து உண்டு. அங்கேயோ அதற்குச் சற்றுக் கீழேயோ முறிகிறது. அறுவை சிகிச்சை, படுக்கை, படுக்கைப்புண், நெஞ்சில் சளி. உலக அளவில் பார்த்தால், வயதான காலத்தில் இடுப்பு முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி தனியாக நடப்பதில்லை. கொல்லைக்குப் போகக்கூட மருமகளையோ மகளையோ கூப்பிட வேண்டிய நிலை வருகிறது. அந்த அவமானம் ஒரு பெண்ணை எப்படிச் சுருக்கிவிடும் என்று நீங்களே அறிவீர்கள்.

இதற்குப் பின்னால் இருக்கும் நோய் எலும்புப்புரை. மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. முழங்காலில் வலி வந்தால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கும். எலும்புப்புரைக்கு வலியே கிடையாது, முறிகிற நாள்வரை. எலும்பு உள்ளுக்குள் மெலிந்துகொண்டே போகும். முப்பது வயது வாக்கில் எலும்பு உச்சத்தில் இருக்கும். பிறகு மெல்லக் குறையும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் சில ஆண்டுகள் கிடுகிடுவென்று இறங்கும். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதிலேயே. மேலைநாட்டுப் பெண்களுக்கு அது 51 வாக்கில். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்ட பெண்களுக்கு அந்த இறக்கம் அறுவை சிகிச்சை நடந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. இவர்களுக்கு யாரும் எலும்பைப் பற்றிச் சொல்லி அனுப்புவதில்லை என்பது என் பெரிய வருத்தம்.

"நாங்கள் நாற்று நட்டவர்கள், மீன்கூடை சுமந்தவர்கள், எங்களுக்கு இதெல்லாம் வராது" என்று சொல்லும் தாய்மார்கள் உண்டு. உழைப்பு எலும்புக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. நகரமும் கிராமமும் கலந்த பகுதியில் வாழும், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த, மாதவிடாய் நின்ற 150 பெண்களைச் சோதித்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதுகெலும்பிலோ இடுப்பிலோ எலும்புப்புரை இருந்தது. வைட்டமின் டி போதாதவர்களும் பாதிக்குமேல். வெயிலுக்குப் பஞ்சமில்லாத வேலூரிலேயே இந்த நிலை.

நம் ஊர் அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் நாம் கொண்டாடும் காரைக்கால் அம்மையாரைச் சோழர் காலச் சிற்பிகள் எப்படிச் செதுக்கினார்கள்? கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் அருகே தாளம் போட்டபடி அமர்ந்திருக்கிறார். விலா எலும்பை எண்ணலாம், காறை எலும்பு துருத்தி நிற்கும். தசை வற்றினால் எலும்பு வெளியே தெரியும் என்பதைக் கண்ணால் பார்த்துச் செய்த கைகள் அவை. எலும்பே உள்ளுக்குள் வற்றுவதை எந்தச் சிற்பியும் பார்த்திருக்க முடியாது. ஒல்லியான உடம்புக்கு எலும்புப்புரை வாய்ப்பு அதிகம், உண்மைதான். ஆனால் பருத்த உடம்புக்குள்ளும் மெலிந்த எலும்பு இருக்கும். வெளித்தோற்றத்தை வைத்து யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

உள்ளே பார்க்க ஒரு வழி 1895இல் கிடைத்தது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் நவம்பர் 8ஆம் தேதி அறிவியலாளர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். டிசம்பர் 22ஆம் தேதி தம் மனைவி ஆனா பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரியும் அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

எக்ஸ்ரே படத்தில் எலும்பு ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? தசையிலும் கொழுப்பிலும் இருப்பவை பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன். எல்லாம் இலேசான அணுக்கள். எலும்பில் கால்சியம் இருக்கிறது. அதன் அணு எண் 20. கனமான அணு கதிரை அதிகம் விழுங்கும். கதிர் போய்ச் சேராத இடம் பிலிமில் வெள்ளையாக நிற்கும். கால்சியம் குறைந்தால் வெள்ளை மங்கும். அப்படியானால் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமே என்று தோன்றும். முடியாது. எலும்பின் தாதுவில் 30 முதல் 40 சதவீதம்வரை போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் கண்ணுக்கே தெரியும்.

காரணம் எங்கள் கையிலேயே இருக்கிறது. எக்ஸ்ரே எடுப்பவர் கிலோவோல்ட்டைக் கொஞ்சம் கூட்டினால் நல்ல எலும்பும் மங்கலாகத் தெரியும். குறைத்தால் மெலிந்த எலும்பும் பளிச்சென்று நிற்கும். பருத்தவருக்கு ஒரு மாதிரி, ஒல்லியானவருக்கு ஒரு மாதிரி. பிலிமைக் கழுவும் மருந்து பழசானால் வேறு மாதிரி. இப்போதைய டிஜிட்டல் கருவியோ இன்னும் ஒரு படி மேலே போய், படம் அழகாக இருக்கட்டும் என்று தானே வெளுப்பையும் கருப்பையும் சரிசெய்துவிடுகிறது. அளவு தெரியாத வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்துத் துணி எடுப்பது போலத்தான்.

கால்சியத்தைப் பற்றியே பேசுகிறோம்; அது வந்து ஒட்டிக்கொள்ளும் நாரைப் பற்றியும் ஒரு சேதி சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் சென்னையில் தெரியவந்தது. எலும்பில் தாது நீங்கலாக மிச்சமிருப்பதில் பெரும்பகுதி கொல்லாஜன் என்ற புரதம். அதன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறாக இருக்கின்றன என்று 1954இல் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் அதற்குப் பயன்படுத்தியதும் எக்ஸ்ரேதான். வெறும் தாது மட்டும் என்றால் சுண்ணாம்புக் கட்டியாக நொறுங்கும். இந்த நார்தான் எலும்புக்கு வளைந்து கொடுக்கும் குணத்தைத் தருகிறது. அதனால் அடர்த்தி எண் ஒன்றே எலும்பின் முழு வலிமையையும் சொல்லிவிடாது.

சரி, படத்திலிருந்து அளப்பது எப்படி? வெளுப்பை நம்ப முடியாது என்றதும் மருத்துவர்கள் இரண்டு வழி கண்டார்கள்.

முதல் வழி, வெளுப்பை விட்டுவிட்டுத் தடிமனை அளப்பது. ஸ்காட்லாந்தில் பார்னெட்டும் நார்டினும் 1960இல் இதை எழுதினார்கள். உங்கள் இடது கையைப் பாருங்கள். ஆள்காட்டி விரலுக்குக் கீழே, உள்ளங்கைக்குள் ஓடும் நீண்ட எலும்பு ஒன்று இருக்கிறது. புறங்கையில் தடவினால் தட்டுப்படும். அது குழாய் மாதிரி. சுற்றிலும் கெட்டிச் சுவர், நடுவே மஜ்ஜை ஓடும் வழி. கையைப் படமெடுத்து, அந்த எலும்பின் நட்டநடுவில் அளவுகோலை வைக்க வேண்டும். வெளியகலம் 8 மில்லிமீட்டர், உள்வழி 3.6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் சுவர் 4.4. எட்டால் வகுத்தால் 55 சதவீதம். நல்ல எலும்பு. இன்னொரு அம்மாவுக்கு வெளியகலம் அதே 8. உள்வழி மட்டும் 5 மில்லிமீட்டராக அகண்டிருக்கிறது. சுவர் 3, அதாவது 37.5 சதவீதம். 43, 44 சதவீதத்துக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும் என்பது அவர்கள் போட்ட கோடு. இரண்டு பேர் கையையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கைதான். எலும்பு உள்பக்கமிருந்து அரிக்கப்படுகிறது, வெளியகலம் குறைவதில்லை. இந்தக் கணக்குக்குக் கிலோவோல்ட் கூடினாலும் குறைந்தாலும் பெரிய பாதிப்பில்லை. இப்போது இதையே கணினி, நூற்றுக்கணக்கான இடங்களில் அளந்து சராசரி எடுத்துக் கொடுக்கிறது.

இரண்டாம் வழி, கூடவே ஒரு சாட்சியை வைத்துப் படமெடுப்பது. அலுமினியத்தில் படிப்படியாகத் தடிமன் கூடும் ஒரு சிறு துண்டைக் கைக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒரே வீச்சில் எடுப்பார்கள். கதிர் கூடினால் எலும்பும் மங்கும், அலுமினியமும் மங்கும். எலும்பின் வெளுப்பு எந்தப் படியின் வெளுப்போடு ஒத்துப்போகிறது என்று பார்த்து, இந்த எலும்பு இத்தனை மில்லிமீட்டர் அலுமினியத்துக்குச் சமம் என்று எழுதலாம். 1930களிலேயே இந்த யோசனை இருந்தது. ஒரு அலுமினியத் துண்டின் விலைதான் செலவு. அளவு என்றாலே ஒப்பிட ஒன்று வேண்டும் என்பதை இதைவிட எளிமையாகக் காட்டும் கருவி எனக்குத் தெரியாது.

மூன்றாவதாக நம் இந்திய மருத்துவர்கள் கொடுத்த முறை ஒன்று. மன்மோகன் சிங், நாக்ரத், மைனி மூவரும் 1970இல் எழுதினார்கள். உலகமெங்கும் எலும்பு மருத்துவப் புத்தகங்களில் 'சிங் குறியீடு' என்று இன்றும் இருக்கிறது. இடுப்புப் படத்தில் தொடை எலும்பின் மேல்முனையை உற்றுப் பாருங்கள். உள்ளே மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். உடம்பின் பாரத்தைக் கீழே இறக்கும் கோடுகள் ஒரு பக்கம். மேல் வளைவில் இழுவிசையைத் தாங்கும் கோடுகள் இன்னொரு பக்கம். எலும்பு மெலியும்போது இவை எல்லாம் ஒன்றாக மறைவதில்லை. முக்கியமில்லாதவை முதலில் போகும், பாரம் தாங்குபவை கடைசிவரை நிற்கும். அந்த வரிசையை வைத்து ஆறு படிநிலை வகுத்தார்கள். ஆறு என்றால் எல்லாக் கோடும் இருக்கிறது. மூன்றுக்கு வந்தால் இழுவிசைக் கோடு நடுவில் அறுந்திருக்கிறது. எலும்புப்புரை உறுதி என்றார்கள். ஒன்று என்றால் முதன்மைக் கோடும் தேய்ந்துவிட்டது. இதற்குத் தனிக் கருவி வேண்டாம், ஒரு சாதாரண இடுப்புப் படமும் பழகிய கண்ணும் போதும். குறையும் உண்டு: ஒரே படத்தை இரண்டு மருத்துவர் பார்த்தால், ஒருவர் மூன்று என்பார், மற்றவர் நான்கு என்பார். இது சந்தேகத்தை எழுப்பும் முறை, தீர்ப்பு சொல்லும் முறை இல்லை. அப்படியிருந்தும், கருவி கைக்கெட்டாத நாட்டில் வாழ்ந்த மருத்துவர்கள் தங்கள் கைக்கு எட்டிய படத்தையே உற்றுப் பார்த்து உலகத்துக்கு ஒரு முறையைக் கொடுத்தார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தீர்ப்பு சொல்லும் கருவி 1987இல் வந்தது. டெக்சா என்பார்கள். இரண்டு வெவ்வேறு ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களை ஒரே இடத்தில் செலுத்தும். தசையும் எலும்பும் இரண்டு கதிரையும் ஒரே விகிதத்தில் விழுங்குவதில்லை. இரண்டு அளவையும் வைத்துக் கணக்குப் போட்டால் தசையின் பங்கைக் கழித்துவிட்டு எலும்பின் பங்கை மட்டும் எடுக்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கிராம் தாது என்று விடை வரும். அதை இளவயதுப் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டுத் தருவதுதான் டி ஸ்கோர். உலக சுகாதார நிறுவனம் 1994இல் கோடு போட்டது: மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையே என்றால் எலும்பு குறையத் தொடங்கிவிட்டது.

டெக்சாவுக்கும் எல்லை உண்டு. அது பரப்பளவைத்தான் அளக்கிறது, கன அளவை அளப்பதில்லை. சின்ன உருவமுள்ள நம் பெண்களுக்கு எலும்பும் சின்னது. அதனால் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டலாம். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். இந்தியர்களுக்கான ஒப்பீட்டு அளவுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010இல் வெளியிட்டது. அறிக்கையில் எந்த அளவோடு ஒப்பிட்டார்கள் என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. இன்னொன்று, வயதானவர்களின் முதுகெலும்பு ஓரங்களில் தேய்மானத்தால் எலும்பு முளைத்திருக்கும். அந்த முளைகளும் கணக்கில் சேர்ந்து, மெலிந்த முதுகைக் கெட்டியான முதுகு என்று காட்டிவிடும். அதனால்தான் இடுப்பையும் சேர்த்து அளக்கிறார்கள்.

நம் டெல்டா ஊர்களில் இலவச எலும்பு அடர்த்தி முகாம் நடக்கிறது. குதிகாலில் ஜெல் தடவி ஒரு சிறிய பெட்டிக்குள் காலை வைக்கச் சொல்வார்கள். உடனே சீட்டு வரும், அதிலும் டி ஸ்கோர் என்றே இருக்கும். அது எக்ஸ்ரேயும் இல்லை, டெக்சாவும் இல்லை. ஒலி அலையை வைத்துப் பார்ப்பது. மைனஸ் 2.5 என்ற கோடு அதற்குப் பொருந்தாது. அந்தச் சீட்டை வைத்து மாத்திரை தொடங்கவும் கூடாது, நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. சந்தேகம் என்று வந்தால் டெக்சா பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

டெக்சாவுக்குப் பெரிய ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரேயோ பக்கத்திலேயே இருக்கிறது. சளிக்கு நெஞ்சுப் படம், முதுகுவலிக்கு முதுகுப் படம், பல்லுக்குத் தாடைப் படம் என்று ஐம்பது வயது கடந்த பெண்களுக்கு வேறு எதற்கோ எடுத்த படம் ஒன்றாவது வீட்டில் இருக்கும். எலும்பு அதில் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. பல் மருத்துவர் எடுக்கும் முழுத்தாடைப் படத்தில் கீழ்த்தாடையின் அடிவிளிம்பு 3 மில்லிமீட்டருக்கும் மெலிந்திருந்தால் எலும்பைச் சோதிக்க அனுப்பலாம் என்கிறார்கள். பக்கவாட்டில் எடுத்த முதுகுப் படத்தில் முள்ளெலும்பு ஒன்று ஆப்பு மாதிரி முன்பக்கம் நசுங்கியிருக்கும். முதுகெலும்பு நசுங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது நசுங்கியதே தெரியாது. துணிக் கொடி முன்போல எட்டவில்லை, ரவிக்கை முன்பக்கம் தொளதொளக்கிறது, கூன் விழுகிறது என்பார்கள். வயசு என்று விட்டுவிடுவார்கள்.

இப்போது கணினிக்கே படத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். தைவானில் இடுப்பு, முதுகுப் படங்களையும் அதே ஆட்களின் டெக்சா அளவுகளையும் சேர்த்துக் கொடுத்துப் பழக்கி, வெறும் எக்ஸ்ரேயிலிருந்தே அடர்த்தியைக் கணிக்கும் முறையை 2021இல் வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தப்புகிற நுண்ணிய மாற்றங்களை அது பிடிக்கிறது. எனக்கு இதில் மிகுந்த நம்பிக்கை. ஆனால் தைவான் பெண்களின் எலும்பில் பழகிய கணினி காரைக்கால் பெண்ணின் எலும்பைச் சரியாகப் படிக்குமா என்பதை இங்கேதான் சோதிக்க வேண்டும். 2016 முதல் நம் ஊரில் ஜிப்மர் கிளை இருக்கிறது. நம் பெண்களின் படங்களையும் டெக்சா அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வு இந்த மண்ணிலிருந்தே வர வேண்டும் என்பது என் ஆசை, என் கோரிக்கையும்கூட.

அதற்குக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று. ஐம்பது வயது கடந்த பெண்ணுக்கு எந்த எக்ஸ்ரே எடுத்தாலும், அறிக்கையில் எலும்பைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். "எலும்பு மெலிந்து தெரிகிறது, அடர்த்திச் சோதனை தேவை." ஒரே வரி. எழுதவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். "டாக்டர், எலும்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சின்னதாக விழுந்ததற்கே முறிந்தது என்றால் இன்னும் அழுத்திக் கேளுங்கள். புத்தூர் கட்டுக்குப் போகிறவர்களிடமும் இதையே சொல்கிறேன். கட்டுவது உங்கள் விருப்பம். படம் எடுத்து ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கட்டு முறிவைத்தான் கூட்டும், மெலிந்த எலும்பு மெலிந்தபடியே இருக்கும்.

மருந்து இருக்கிறது. வாரம் ஒரு மாத்திரை உண்டு. வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பிரான்சிலிருந்து மகன் அனுப்பிய கால்சியம் மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்று தானாக விழுங்கிக்கொண்டிருப்பது மருத்துவமாகாது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் வாக்கில் கிடைக்கிறது. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி நம் கரையிலேயே வருகிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்கள், ஆணோ பெண்ணோ, எந்த வயதானாலும் எலும்பைக் கவனிக்க வேண்டும்.

படம் எடுத்தால் கதிர் உடம்புக்குக் கெடுதி இல்லையா என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்வி. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நம் உடம்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட் கதிர் படுகிறது. இது உலகச் சராசரி. டெக்சாவில் படுவது சில மைக்ரோசீவர்ட்தான்; மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோ. ஒரு நாளில் இயற்கையாகப் படுவதற்குக் கிட்டத்தட்டச் சமம். கைப்படம் அதையும்விடக் குறைவு. முதுகுப் படத்தில் இவற்றைவிடப் பல மடங்கு அதிகம் படும், அதனால் தேவையில்லாமல் அதைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே எடுத்த பிலிமைச் சுருட்டிப் பரண்மேல் போடாமல் தட்டையாக வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இடையில் ஏதாவது முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறதா என்பதை அவர் அங்கேயே பார்த்துவிடுவார்.